நடுரோட்டில் நின்ற சர்க்கஸ்

"குழாயை நல்லா அழுத்திப் பிடி. காத்து வெளியே போயிடப் போகுது."

"உள்ளேயே வரலைங்க. அப்புறம் எங்கே வெளியே போறது?"

சர்க்கஸ்காரர் பம்பின் சுவிட்சைத் தட்டினார். அசைவில்லை. மறுபடி தட்டினார். பம்பை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். முதுகில் ஒரு குத்து விட்டார். அது செங்கல் மாதிரி மௌனம் சாதித்தது. வெயில் பிடரியில் ஏறிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கென்று போட்ட புதுச் சட்டையின் முதுகில் வியர்வை உலக வரைபடம் போட ஆரம்பித்திருந்தது.

எதிரே, பின்சக்கரத்தின் பக்கத்தில், இருப்பதிலேயே நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டியபடி அவர் மனைவி குத்துக்காலிட்டிருந்தாள். வால்வில் குழாயை அழுத்திப் பிடித்ததில் கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது. டயரோ தரையோடு தரையாகச் சப்பையாகக் கிடந்தது. நடுவில் ஒரு ஆணி, பதக்கம் குத்தினாற்போல் பளபளத்தது.

கைப்பைக்குள் போன் அலறியது. அவள் எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எங்கே இருக்கீங்க?" தம்பியின் குரல் வெளியே வரை கேட்டது. "பதிவாளர் இப்பவே வாட்சைப் பார்க்கிறாரு. மத்தியானம் கிளம்பினா நீண்ட லீவாம். இவளுக்கு நாளைக்கு ஃப்ளைட்டுக்கா."

"வந்துட்டே இருக்கோம்டா."

"வண்டிச் சத்தமே கேக்கலையே?"

"அதான்டா... நின்னுகிட்டே வந்துட்டு இருக்கோம்."

விஷயம் இதுதான். தம்பிக்கு இன்றைக்குப் பதிவுத் திருமணம். பெண்ணுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. இன்று பதிவானால்தான், அந்தச் சான்றிதழை வைத்துத் தம்பியும் பின்னாலேயே போகமுடியும். பதிவாகாவிட்டால் அவள் அங்கே, இவன் இங்கே. நடுவில் கடல். மனு கொடுத்தபோதே சாட்சிகளாகக் குறித்திருந்தது இவர்கள் இரண்டு பேரைத்தான். ஆளை மாற்ற முடியாது. ஆக, ஒரு குடும்பத்தின் எதிர்காலம் முழுவதும் இப்போது ஒரு பஞ்சரான டயரின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஆட்டோ பிடிச்சுப் போயிடலாங்க."

"பம்பு வெச்சிருக்கிறவன் ஆட்டோவுல போனான்னா நாளைக்கு ஊர் சிரிக்கும்" என்றார் சர்க்கஸ்காரர்.

ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. பெயிண்ட் கம்பெனிக் கிடங்கில் பொறுப்பாளர் வேலை பார்க்கும் அவருக்கு இந்தப் பட்டப்பெயரைச் சூட்டியதே தெருதான். காரணம் அந்த மோட்டார் சைக்கிள். முன்னால் கண்ணைப் பறிக்கிற விளக்குகள் நான்கு. பக்கவாட்டில் ஓடிக்கொண்டே நிறம் மாறுகிற இண்டிகேட்டர். போன் சார்ஜர். ஹெல்மெட்டுக்குள் பாட்டுப் பெட்டி. இவற்றுக்கெல்லாம் மகுடமாக, லாரிக்காரர்களே வெட்கப்படுகிற ஒரு இரட்டைக் குழல் ஹாரன். முன்பக்கம் விளக்குகளுக்கே இடம் பற்றாததால், அதை ஓட்டுகிறவரின் இடுப்போரமாக, பின்னால் உட்காருகிறவரின் வலது கைப்பக்கம் மேல்நோக்கிக் கட்டியிருந்தார்.

ஹாரனுக்குத் தனி சுவிட்ச் வேண்டுமே. செல்ஃப் ஸ்டார்ட் பட்டனைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஹாரன் பட்டனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து வண்டியை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். "காலுக்கு எக்சர்சைஸ்" என்று சொல்லிக்கொண்டார். வண்டி வாங்கும்போது கூடவே வந்த சாமான்களில் டேங்கும் சக்கரமும்தான் மிச்சம்.

தினமும் காலையில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பினால் தெருவே எழுந்துவிடும். எதிர்வீட்டுக் கிளி, கற்ற பேச்சையெல்லாம் மறந்துவிட்டு ஹாரன் அடிக்கப் பழகியிருந்தது. மாடிவீட்டு வாத்தியார் ஒருநாள் இரண்டு பஞ்சு உருண்டைகளை நூலில் கட்டி ஹாண்டில்பாரில் தொங்கவிட்டுப் போனார். ஹாண்டில்பாரைத் துடைக்கத்தான் கொடுத்தாரென்று நினைத்து, நல்ல மனுஷன் என்று பாராட்டினார் சர்க்கஸ்காரர்.

கடைசியாக வந்து சேர்ந்ததுதான் இந்தக் காற்று பம்பு. வண்டி பேட்டரியிலேயே ஓடும். பேட்டரியில் நேராகக் கவ்வுகிற முதலை வாய் கிளிப்புகளோடு வந்தது. "இது என்ன பாமரத்தனம்?" என்று அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, சீட்டுக்கடியில் அழகாக ஒரு சாக்கெட் பொருத்தினார். மற்ற வயர்களோடு இந்த வயரையும் சேர்த்து முறுக்கினார். பளிச்சென்று இருந்தது. அப்போதே மனைவி கேட்டாள், "இத்தனையும் தாங்குமாங்க?" என்று. "உனக்குப் புரியாது" என்றார். அவருக்கும் முழுசாகப் புரிந்திருக்கவில்லை. அது வேறு விஷயம்.

"பேட்டரி செத்துப்போச்சு" என்று இப்போது தீர்ப்புச் சொன்னார். ஹாரன் பட்டனை அமுக்கிக் காட்டினார். மூச்சில்லை. விளக்குச் சுவிட்சைப் போட்டார். இருட்டு. "காலைல கிளம்பும்போதே ஹாரன் வேலை செய்யலை, கவனிச்சியா? நான் அப்பவே நெனச்சேன்."

ஹாரன் பட்டனில் அவர் கை போனதைப் பார்த்திருந்த மனைவி, கைப்பையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

அப்போதும் பதிலில்லை. அவர் நின்றிருந்தது அவளுக்கு வலது பக்கம். சுற்றிக்கொண்டு முன்னால் வந்து கையை ஆட்டினார். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க?"

"உனக்கு எதையும் மூணு தடவை சொல்லணும். மனசு எங்கேயோ இருக்கு. வேற வண்டி ஏதாவது வந்தா நிறுத்து. அதோட பேட்டரிலேருந்து நம்ம பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டு கடன் வாங்கிக்கலாம். வயர் என்கிட்டே இருக்கு."

வயர் இருந்தது. அவரிடம் வயர் இல்லாத நேரமே கிடையாது.

முதலில் வந்தது ஒரு ஆட்டோ. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். சர்க்கஸ்காரர் கையை நீட்டினார். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார், முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட, சர்க்கஸ் சாரா? எதுக்கு சார் கையை ஆட்டி சிரமப்படறீங்க? ஹாரனை அடிங்க. பக்கத்து ஊர்லேருந்து கூட ஆள் வரும்."

ஆட்டோ போயே போய்விட்டது. பின்னாலிருந்த பிள்ளைகள் கூட்டாக "பாஆஆம்" என்று ஹாரன் அடித்துக் காட்டினார்கள்.

அடுத்து மோட்டார் சைக்கிளில் ஒரு முட்டை வியாபாரி. பின்னால் அட்டை அட்டையாக முட்டை. சர்க்கஸ்காரரைப் பார்த்ததுமே வண்டியைச் சாலையின் மறுகோடிக்கு ஒதுக்கிக்கொண்டு, காலை ஊன்றி ஊன்றி, கண்ணை எடுக்காமல், பாம்பைத் தாண்டுகிறவரைப் போல் தாண்டிப் போனார்.

"ஏன் இந்த ஆளு இப்படி ஒதுங்கறான்?"

"போன மாசம் நீங்க பின்னாடி வந்து ஹாரன் அடிச்சப்ப ஆம்லெட் ஆயிட்டாரே, அவருதாங்க."

"ஓரமாப் போகணும்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"அவரு ஓரமா நின்னுட்டிருந்தாருங்க."

போன் மறுபடி அலறியது. இந்தத் தடவை தம்பி பேசவில்லை. மூச்சு மட்டும் விட்டான். அதுவே போதுமானதாக இருந்தது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நம்மால கெட்டுப்போச்சுன்னு ஆயிடக் கூடாதுங்க" என்றாள். சர்க்கஸ்காரரே முதல் தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த ஸ்கூட்டர் வந்தது.

ஓட்டிவந்தது நர்ஸ் உடுப்பில் ஒரு அம்மாள். கண்டிப்பான முகம். சர்க்கஸ்காரரின் நீட்டிய கையை அவர் லட்சியமே செய்யவில்லை. தாண்டிப் போய்விட்டார். போனவர், கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிரேக் கிறீச்சிட்டது. ஸ்கூட்டர் திரும்பி வந்தது.

"நீங்களா?" என்றார் மனைவியிடம்.

மனைவி அவசரமாகத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் சேர்ந்தாற்போல் ஒரு ஆட்டல். நர்ஸ் அவளையும், பிறகு வண்டியின் இரட்டைக் குழலையும், பிறகு சர்க்கஸ்காரரையும் வரிசையாகப் பார்த்தார்.

"இதான் அந்த வண்டியா?"

"என் வண்டி உங்களுக்குத் தெரியுமா?" சர்க்கஸ்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் நர்ஸ். "என்ன வேணும்? சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு டியூட்டி."

சீட்டைத் திறந்தார்கள். சர்க்கஸ்காரர் சிவப்பு வயரைச் சிவப்புக்கும் கறுப்பைக் கறுப்புக்கும் கவ்வக் கொடுத்தார். பெரிய ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் போல் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பம்பைத் தட்டினார்.

செங்கல் செங்கலாகவே இருந்தது.

"உங்க பேட்டரியும் போச்சா?"

"என் பேட்டரிலதான் சார் நான் இப்ப வண்டி ஓட்டிட்டு வந்தேன்."

சர்க்கஸ்காரர் வயர் கற்றைக்குள் தலையைக் கொடுத்தார். நூடுல்ஸில் முடி தேடுகிறவரைப் போல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். விளக்கு வயர், சார்ஜர் வயர், ஹாரன் வயர், பம்பு வயர். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைந்தன. அங்கே அவர் விரல் நின்றது. மூடியை நெம்பித் திறந்தார். கண் விரிந்தது.

"ஃபியூஸைக் காணோம்."

"எரிஞ்சு போச்சா?"

"எரியலை. காணோம். இடமே காலியா இருக்கு."

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபியூஸா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் நர்ஸ்.

அந்தக் கேள்வி மனைவியை ஆணி அடித்தாற்போல் நிறுத்தியது. "எல்லாத்துக்குமா?" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. "அது ஹாரனுக்கு மட்டும்தானே? நீங்கதானே ஹாரனோட உயிரே இதுலதான் இருக்குன்னு காட்டினீங்க?"

"ஹாரனோட உயிரும் இதுலதான். பம்போட உயிரும் இதுலதான்." சர்க்கஸ்காரர் தலையில் கைவைத்தார். "வண்டி குலுக்கல்ல எங்கேயோ கழண்டு விழுந்திருக்கு."

நர்ஸ் ஸ்கூட்டரின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, கம்பெனிக்காரர்கள் உபரியாக வைத்திருந்த ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். நீட்டும்போதே சொன்னார்: "கழண்டு விழற ஃபியூஸ் மூடியை மறுபடி மாட்டிட்டு விழாது சார்."

சர்க்கஸ்காரர் உறைந்துபோனார். மூடி. ஆமாம், மூடி இறுக்கமாக மூடியிருந்தது. அப்படியானால்?

சதி.

யாரோ அவர் வீட்டு வாசலில், அவர் வண்டியின் சீட்டைத் திறந்து, கை வைத்திருக்கிறார்கள். ரத்தம் கொதித்தது. "மாடிவீட்டு வாத்தியார்தான். பஞ்சு கொடுத்து நோட்டம் பார்த்தான். இல்லேன்னா கிளி வளர்க்கறவன். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், அவன் காதுக்குள்ளேயே வெச்சு அடிக்கறேன் பாரு ஹாரனை."

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. குழாயைப் பிடி."

ஃபியூஸ் உட்கார்ந்ததும் பம்பு உயிர்பெற்றுக் கரகரவென்று இரைந்தது. விளக்குகள் பட்டப்பகலில் பளீரிட்டன. இண்டிகேட்டர்கள் துரத்திக்கொண்டு ஓடின. டயர் மெதுவாகத் தரையிலிருந்து எழுந்து நிமிர்ந்தது. ஆணியைப் பிடுங்காமல் அப்படியே போனால் பதிவு அலுவலகம் வரை தாங்கும்.

சந்தோஷத்தில் சர்க்கஸ்காரரின் கட்டைவிரல் தன் போக்கில் ஹாரன் பட்டனைத் தேடிப் போய் அமுக்கியது.

மரத்திலிருந்த பறவைகள் மொத்தமாகக் கிளம்பின. நர்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மனைவி இடது காதை மட்டும் பொத்திக்கொண்டாள்.

நர்ஸ் அதைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கி, சர்க்கஸ்காரரிடம் எதையோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் கெஞ்சுகிற கண்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்கன்னு கொஞ்சம் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"நான் கேக்காம வேற யாரு கேப்பாங்க?" என்று சிரித்தார் சர்க்கஸ்காரர். ஹெல்மெட்டை மாட்டினார். உள்ளே பாட்டு ஓட ஆரம்பித்தது. வண்டியை உதைத்தார்.

அதன் பிறகு நடந்தது சவாரி அல்ல, படையெடுப்பு. காய்கறி வண்டி ஒதுங்கியது. பேருந்து ஒதுங்கியது. நடைபாதையில் நடந்தவர்கள்கூட ஒதுங்கி யார் வீட்டு வாசலிலோ ஏறிக்கொண்டார்கள். ஹாரனை அடித்துக்கொண்டே போனார். மனசு வேறெங்கோ துப்பறிந்துகொண்டிருந்தது. வாத்தியாரா? கிளிக்காரனா? ராத்திரியா, விடிகாலையா? சீட்டுக்குச் சாவி ஏது? சாவி வீட்டு ஆணியில்தானே தொங்குகிறது? பின்னாலிருந்து மனைவி தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். ஹாரனில் அது காணாமல் போனது. மறுபடி தட்டினாள். ஒரு லாரி குறுக்கே வந்தது. அதற்கும் ஒரு அடி.

பதிவு அலுவலக வாசலில் அவர் கடைசியாக அடித்த ஹாரனுக்குப் பதிவாளரே ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "எங்கேய்யா தீ?" என்று கேட்டார்.

"தீயில்லை சார், சாட்சி" என்று தம்பி ஓடிவந்தான். மணப்பெண் அழுத முகத்தோடு சிரித்தாள். பதிவாளரின் பை தோளில் ஏறியிருந்தது. அதை அவர் பெருமூச்சோடு இறக்கிவைத்தார். தம்பி கையெழுத்துப் போட்டான். பெண் போட்டாள். சர்க்கஸ்காரர் போட்டார். அத்தோடு பதிவாளரின் பேனா மை தீர்ந்து மூச்சை நிறுத்திக்கொண்டது.

"என்கிட்டே இருக்கு" என்று மனைவி கைப்பைக்குள் கைவிட்டாள். பேனா வந்தது. பேனாவோடு தொற்றிக்கொண்டு இன்னொன்றும் வந்து மேஜைமேல் விழுந்தது. மஞ்சள் நிறத்தில், விரல்நகம் அளவில். அதன் தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு நகப்பூச்சு. தன் சாமான் அடையாளம் தெரிய வேண்டுமென்று மனைவியின் நகப்பூச்சைக் கடன் வாங்கி, தன் கையாலேயே சர்க்கஸ்காரர் வைத்த பொட்டு.

மனைவி குனிந்து கையெழுத்துப் போட்டு முடித்தாள். பதிவாளர் முத்திரை குத்தினார். கல்யாணம் முடிந்தது.

"நீயா?" என்றார் சர்க்கஸ்காரர்.

பதிலில்லை. அவர் நின்றிருந்தது அவளுக்கு வலது பக்கம்.

"மாமா" என்றான் தம்பி மெதுவாக, "இந்தப் பக்கம் வந்து கேளுங்க."

அவர் சுற்றிக்கொண்டு வந்தார். "ஏம்மா, நீயா எடுத்தே?"

"ஆமாங்க. பம்பும் அதுலதான் ஓடுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு நாள், தம்பி கல்யாணத்துக்குப் போற வழியிலயாவது அந்தச் சத்தம் இல்லாம இருக்கட்டும்னுதான் எடுத்தேன்." அவள் பேனாவை மூடினாள். "எனக்கு வலது காது கேக்கறதில்லைங்க. கொஞ்ச நாளாவே இரைச்சல் மட்டும்தான். வழியில நின்னாங்களே அந்த நர்ஸம்மா, உங்களுக்காகவா நின்னாங்க? காது டாக்டர்கிட்டே அவங்கதான் என்னை உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. தினமும் எந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல உக்கார்றீங்கன்னு டாக்டர் கேட்டாரு. வண்டியைச் சொன்னேன்."

சர்க்கஸ்காரர் அவளுடைய வலது காதையே பார்த்தார்.

"திரும்பக் கேக்குமா?"

"இன்னும் கெடாம பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. சத்தம் இல்லாம இருந்தா."

"இதை ஏம்மா நீ என்கிட்டே சொல்லலை?"

"சொன்னேங்க" என்றாள் அவள். கோபமேயில்லாமல். "வீட்டுல பேச நேரம் ஏது? வண்டியில பின்னாடி உக்காந்துதான் சொன்னேன். மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீங்க ஹாரன் அடிச்சிட்டிருந்தீங்க."

பதிவாளர் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொள்ள மறந்து நின்றார். சர்க்கஸ்காரர் மேஜையிலிருந்த ஃபியூஸை எடுத்தார், சிவப்புப் பொட்டைத் தடவினார், அவள் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினார். பிறகு அவளுடைய இடது காதோரம் குனிந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"ஊரே ஒதுங்கி வழிவிடுதுன்னு பெருமைப்பட்டுட்டு இருந்தேன். வழி விடலை, பயந்து ஓடியிருக்காங்க. நாம போடற சத்தம் மத்தவங்க காதை மட்டும் கெடுக்கலைம்மா, நம்ம காதையும் அடைச்சிடுது. எனக்குத்தான் முதல்ல காது செவிடாயிருக்கு. கீழே போனதும் அந்தக் குழலைக் கழட்டிடறேன். நீ இந்தப் பக்கம் நின்னு, அந்த மூணு தடவை சொன்னதை இப்ப ஒரு தடவை சொல்லு. நான் கேக்கறேன்."